ஈயம் தடுக்காத கதிரைத் தண்ணீர் தடுப்பது எப்படி?

கேள்வி: ஆல்ஃபா கதிருக்கு ஒரு தாளே போதும், காமா கதிருக்கு ஈயச் சுவர் வேண்டும், நியூட்ரானுக்கு ஈயத்தைவிடத் தண்ணீரே மேல் என்று படித்தேன். அடர்த்தி குறைந்த தண்ணீர் ஈயத்தை எப்படி மிஞ்சுகிறது?

பதில்: சுவர் எவ்வளவு கனமானது என்பதைவிட, கதிர் தன் ஆற்றலை அந்தச் சுவரில் எதனிடம் இழக்கிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

ஆல்ஃபா துகள் ஹீலியம் அணுவின் கருவே. இரட்டை நேர்மின்னூட்டம் கொண்டது என்பதால், வழியிலுள்ள அணுக்களின் எலக்ட்ரான்களை ஓயாமல் பிரித்துக்கொண்டே சென்று விரைவில் ஆற்றல் தீர்ந்துபோகிறது. 5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள துகள்கூடக் காற்றில் ஏறத்தாழ 3.5 சென்டிமீட்டரில் நின்றுவிடும். தோலின் மேலுள்ள இறந்த செல்களைக்கூட அதனால் கடக்க இயலாது. ஆனால் அதை உமிழும் பொருள் மூச்சோடு நுரையீரலுக்குள் புகுந்துவிட்டால், அவ்வளவு ஆற்றலும் உயிருள்ள திசுவிலேயே இறங்கும். தாளே தடுத்துவிடும் என்பதை ஆபத்தில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

பீட்டா கதிரை, அதாவது வேகமான எலக்ட்ரான்களை, சில மில்லிமீட்டர் அலுமினியம் பெரும்பாலும் நிறுத்திவிடும்.

காமா கதிருக்கு மின்னூட்டம் இல்லை. அதற்கு 'இவ்வளவு தூரம்தான்' என்ற எல்லையும் இல்லை. அந்தக் கதிரின் ஒவ்வொரு ஃபோட்டானும், அதாவது ஆற்றல் துணுக்கும், மோதும்வரை எந்த இழப்புமின்றிச் செல்வதால், தடுப்பின் தடிமனுக்கேற்ப அவற்றின் எண்ணிக்கைதான் குறையும். கதிரியக்கப் பொருளான கோபால்ட்-60 உமிழும் காமா கதிரைச் சுமார் 1.2 சென்டிமீட்டர் ஈயம் பாதியாக்கும், இன்னொரு 1.2 சென்டிமீட்டர் அந்தப் பாதியைக் காலாக்கும்; முற்றிலும் இல்லாமலாக்கும் தடிமன் என்று ஒன்று கிடையாது. ஒவ்வோர் அணுவிலும் 82 எலக்ட்ரான்களை நெருக்கமாக வைத்திருக்கும் ஈயம் இங்கே மிகவும் பயன்படுகிறது.

நியூட்ரானோ எலக்ட்ரான்களைப் பொருட்படுத்துவதே இல்லை; அணுக்கருவில் மோதினால்தான் அதன் வேகம் குறையும். தன்னைவிட 200 மடங்குக்கும் மேல் கனமான ஈயக் கருவில் மோதினால், சுவரில் பட்ட பந்தைப் போல ஏறக்குறைய அதே வேகத்தில் திரும்பிவிடும். தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் கருவின் நிறையோ நியூட்ரானின் நிறைக்கு ஏறக்குறையச் சமம். ஆகவே ஒவ்வொரு மோதலிலும் சராசரியாகப் பாதி ஆற்றலும், நேருக்கு நேர் மோதினால் முழு ஆற்றலும் கைமாறிவிடுகிறது. ஹைட்ரஜன் நிறைந்த பாரஃபின் மெழுகு பயன்படுவதும் இதனால்தான். ஆனால் வேகம் குறைந்த நியூட்ரானை ஹைட்ரஜன் பிடித்துக்கொள்ளும்போது 2.2 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர் பிறப்பதால், நீங்கள் ஒதுக்கிவைத்த ஈயம் தண்ணீருக்குப் பின்னால் மீண்டும் தேவைப்படலாம்.