ஆப்பிளும் புத்தாண்டு மீனும்

கேள்வி: சீனாவில் ஜெங்ஜோ நகரில் மருத்துவம் படிக்கிறேன். என் சீனத் தோழி கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் நண்பர்களுக்கு ஆப்பிள் கொடுக்கிறாள். விடுமுறை நாட்களில், சீனாவின் பெரும்பான்மையினரான ஹான் மக்களின் பழைய மரபுடையான ஹான்ஃபூவை அணிந்து படம் எடுத்துக்கொள்கிறாள். "ஒன்று அந்நியப் பண்டிகை, மற்றொன்று நாடக வேடம், நம் வழக்கம் எதுவும் உனக்குத் தெரியாது" என்று அவள் தந்தை கடிந்துகொண்டாராம். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

அந்தத் தந்தை சொன்னதில் ஒரு பகுதியை நான் ஏற்கிறேன். ஆனால் அவர் பழித்த இரண்டுக்கும் பின்னால் அவர் எண்ணுவதைவிட ஆழமான வேர் இருக்கிறது.

ஆப்பிளையே எடுத்துக்கொள்வோம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவைச் சீனத்தில் 'பிங்ஆன் யே', அதாவது அமைதி இரவு, என்கிறார்கள். ஆப்பிளின் பெயர் 'பிங்குவோ'. இரண்டிலும் 'பிங்' என்ற ஒரே ஒலி வருவதால், ஆப்பிளைக் கொடுப்பது நலம் வாழ்த்துவதாகிவிட்டது. மேற்கு நாடுகளில் இப்படியொரு வழக்கம் கிடையாது. புத்தாண்டுக்கு முந்தைய இரவு விருந்தில் சீனக் குடும்பங்கள் மீன் வைப்பதும், மீனுக்குரிய 'யூ' என்ற ஒலியே மிகுதியையும் குறிப்பதால்தான். தந்தை மீனில் காணும் மங்கலத்தை மகள் ஆப்பிளில் காண்கிறாள். பண்டிகை வெளியிலிருந்து வந்திருக்கலாம்; அதைத் தனதாக்கிக்கொண்ட மனம் முழுக்கச் சீன மனம்.

ஹான்ஃபூ விஷயத்தில் அவள் உங்கள் நகரத்தின் வரலாற்றையே எடுத்துச் சொல்லலாம். 2003 நவம்பர் 22 அன்று வாங் லெதியன் என்ற தொழிலாளி ஜெங்ஜோ தெருக்களில் அந்த உடையோடு நடந்ததையே இன்றைய ஹான்ஃபூ இயக்கத்தின் தொடக்கமாகப் பலர் குறிப்பிடுகிறார்கள். மஞ்சு இனத்தவரின் சிங் ஆட்சி 1645-இல் ஹான் ஆண்களின் தலைமுடியையும் உடையையும் மாற்றும்படி ஆணையிட்டதைத் தொடர்ந்து வழக்கொழிந்த உடை அது. மேடையிலும் திரையிலும் மட்டுமே அதைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு அது வேடமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

நான் ஏற்கும் பகுதி, "நம் வழக்கம் உனக்குத் தெரியாது" என்பது. ஆப்பிளும் உடையும் கடையில் கிடைக்கும். டிராகன் படகுத் திருநாளுக்கு இலையில் ஒட்டரிசியைப் பொதிந்து ஜோங்ஸி கட்டுவதையும், முன்னோரை நினைவுகூரும் சிங்மிங் நாளில் எந்தக் கல்லறை யாருடையது என்று அறிந்து துப்புரவு செய்வதையும் பெரியவர்களுடன் இருந்துதான் கற்க முடியும். 1966-இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சி இத்தகைய வழக்கங்களை 'நான்கு பழமைகள்' என்று சாடியது. சிங்மிங்குக்கும் டிராகன் படகுத் திருநாளுக்கும் அரசு விடுமுறை 2008-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் இவற்றை வீட்டுக்குள் காப்பாற்றி வைத்திருந்த தலைமுறைக்கு, அவை தம்மோடு முடிந்துவிடுமோ என்ற அச்சம் இருக்கத்தான் செய்யும். அந்தக் கடுஞ்சொல்லில் எனக்குக் கேட்பதும் அந்த அச்சமே.

ஆகவே, ஆப்பிளையோ உடையையோ விட்டுவிடும்படி அவளிடம் சொல்லாதீர்கள். ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங்மிங் விடுமுறையில் ஊருக்குப் போய், தந்தையோடு கல்லறைகளுக்குச் சென்று, அங்கே உறங்கும் ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். துப்புரவு முடிந்து வீடு திரும்பும் வழியில் அந்த ஆப்பிளுக்கான காரணத்தை அவரிடம் அவள் சொல்லட்டும். புத்தாண்டு மீனைப் பற்றி அவரிடமும் சொல்வதற்கு நிறைய இருக்கும்.