வாசகர் கேள்வி – பதில்: அரளிப் புழுவும் இரவு விளக்கும்

கேள்வி: எங்கள் வீட்டு அரளியில் விரல் பருமனுக்கு ஒரு பச்சைப் புழு இருக்கிறது. செடியை அசைத்தால் தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண்கள் தெரிகின்றன. விஷப் புழு என்று சொல்லி மருந்தடிக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: தயவுசெய்து மருந்தடிக்காதீர்கள். வால் முனையில் சிறு கொம்பும் இருந்தால், அது டாப்னிஸ் நேரி என்னும் பருந்து அந்துப்பூச்சியின் புழு. நீங்கள் கண்டவை கண்கள் அல்ல. ஆபத்தை உணர்ந்த புழு தலையை உள்ளிழுத்து முன்னுடலை உப்பச் செய்யும்போது விரிந்து தெரியும் நீலப் பொட்டுகள். அதற்குக் கொட்டும் முள்ளோ சுணையோ கிடையாது. நஞ்சு அரளியில்தான் உண்டு என்பதால், இலையைத் தொட்ட கையைக் கழுவிக்கொண்டால் போதும். நந்தியாவட்டையிலும் நித்தியகல்யாணியிலும் இதே புழுவைக் காணலாம். முழுதாய் வளர்ந்ததும் பச்சை மங்கிப் பழுப்பாகி, செடியைவிட்டு இறங்கிச் சருகுகளுக்கிடையே கூட்டுப்புழுவாகும்; ஆகவே அரளியடியில் சிறிது காலம் பெருக்காமல் விடுங்கள். வெளிவரும் பூச்சி, இறக்கை விரித்தால் ஏறத்தாழ 10 செ.மீ. அகலமும் பாசிப்பச்சையில் இளஞ்சிவப்பு ஓடிய நிறமுமாக, காணக் கண் கோடி வேண்டும்.

கேள்வி: கடற்கரையில் இரவு விளக்கு வைத்து அந்துப்பூச்சிகளைப் பார்க்க விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?
– கல்லூரி மாணவர், மண்டபம்

பதில்: கரையில் வேண்டாம். தை முதல் பங்குனி வரை ஆமைகள் முட்டையிடும் கரை இது. பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நகர்பவை, விளக்கைக் கண்டால் கடலுக்குப் போகும் வழி தவறிவிடும். கடற்காற்றில் பூச்சியும் துணியில் தங்காது. காற்று மறைவான கொல்லைப்புறத்தில், அமாவாசையை ஒட்டிய இரவுகளில், வெள்ளை வேட்டியைக் கட்டி அதன்முன் விளக்கை வையுங்கள். வந்தமரும் பூச்சியை மேலிருந்தும் பக்கவாட்டிலும் படமெடுத்து, தேதியையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். விடியும்வரை விளக்கை எரியவிட்டால் காலையில் மைனாவும் கரிச்சானும் அத்தனையையும் கொத்திவிடும், நள்ளிரவுக்குள் அணைத்துவிடுங்கள்.

ஆனால் விளக்குக்கு வந்த பூச்சி எந்தச் செடியை நம்பி வாழ்கிறது என்று சொல்லாது. அடப்பங்கொடி, எருக்கு, தேள்கொடுக்கு ஆகியவற்றின் இலையடியை டார்ச் வெளிச்சத்தில் பார்த்துப் பழகுவதே தொடக்கக்காரருக்கு மேலான வழி என்பது என் கருத்து. செடியின் பெயர் தெரிந்தால் புழுவைப் பெயரிடும் வேலையில் பாதி முடிந்தது.

கேள்வி: பகலில் தேள்கொடுக்கில் அமரும், சிவப்பும் கறுப்புமாகப் புள்ளியிட்ட வெள்ளைப் பூச்சி பட்டாம்பூச்சியா?
– வாசகர், தொண்டி

பதில்: இல்லை, யூதெதீசா என்னும் அந்துப்பூச்சியாக இருக்கும். உணர்கொம்பைப் பாருங்கள்: பட்டாம்பூச்சிக்கு நுனி குமிழாகத் தடித்திருக்கும், இதற்கு நூலாகவே முடியும். புழுப் பருவத்தில் அந்தச் செடியிலிருந்து சேர்த்த நஞ்சு உடலில் தங்குவதால், பறவைகளுக்கு அஞ்சாமல் பகலிலேயே பறக்கிறது.