வெயிலில் வேலை செய்கிறேன், சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகிறது, இது செங்கமாரியா (மஞ்சள் காமாலையா)?

திருகோணமலையில் கட்டட வேலை என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் பெரும்பாலும் தண்ணீர்க் குறைவுதான். கச்சான் காற்று அடிக்கிற ஆடி ஆவணியில் வியர்வை வந்ததும் காய்ந்துவிடும், உடம்பிலிருந்து எவ்வளவு போனதென்றே தெரியாது. சிறுநீருக்கு மஞ்சள் கொடுக்கிற யூரோபிலின் என்ற நிறமி குறைந்த தண்ணீரில் கரைந்தால் நிறம் கடுமையாகும், அவ்வளவுதான். விற்றமின் பி குளிசை போட்டாலும் பளிச்சென்று மஞ்சளாகப் போகும். பீற்றூட் சாப்பிட்டுவிட்டு இரத்தம் என்று பயந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் "சூடு" என்று சொல்லி செவ்விளநீரோடு முடிக்கிற பழக்கம்தான் எனக்குப் பிடிக்காது. நிலாவெளியில் ஹோட்டல் வேலை பார்க்கிற என் மச்சானுக்கு வெறும் தேயிலைச் சாயம் மாதிரிப் போனது. வீட்டில் எல்லோரும் சூடு என்றார்கள், பிறகு கண் மஞ்சளானதும் செங்கமாரி என்று கீழ்காய்நெல்லி அரைக்க ஆரம்பித்தார்கள். நான் போனில் கேட்டது ஒரே கேள்வி, மலம் என்ன நிறம்? மாமிக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது, இதையெல்லாமா மருமகன் கேட்பார் என்று. அவனோ வெளிறிப்போய் சாம்பலாக இருக்கிறது, உடம்பெல்லாம் கடிக்கிறது என்றான். குடலுக்குப் போகவேண்டிய பித்தம் வழியில் அடைபட்டால் அதிலுள்ள பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி இரத்தத்தில் ஏறி சிறுநீரில் வரும், மலம் நிறம் இழக்கும். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். ஸ்கேனில் பித்தக்குழாயில் கல். வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். இன்றும் சொந்தத்தில் ஒருவர் கீழ்காய்நெல்லிதான் கரைத்தது என்று சொல்லித்திரிகிறார், சரி, இருக்கட்டும்.

உடனே சித்த வைத்தியத்துக்கு எதிரானவன் என்று கீழே எழுத வரவேண்டாம், என் அப்பாவின் முழங்காலுக்கு எண்ணெய் வாங்குவதே நான்தான். நான் டொக்டரும் இல்லை. வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம் போனாலும், அதுவும் புகைக்கிறவர் என்றால், ஒருமுறை போய் நின்றுவிட்டது என்று விட்டுவிடக்கூடாது, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அப்படித்தான் காட்டும். தொண்டை நோவு வந்து ஒன்றிரண்டு கிழமையில் பிள்ளைக்கு கோலா நிறத்தில் போய் முகம் வீங்கினால் சிறுநீரகம். வயலில் இறங்குகிறவருக்குக் காய்ச்சலும் தசை நோவும் சேர்ந்து நிறம் மாறினால் எலிக்காய்ச்சல் இருக்கலாம், அதற்குக் காத்திருக்கக்கூடாது. பதவி ஸ்ரீபுரப் பக்கத்து விவசாயிகளுக்கு வருகிற நாட்பட்ட சிறுநீரக நோயில் ஆரம்பத்தில் நிறமே மாறாது, சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியேற்றினின் இரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்தால்தான் தெரியும்.

கலங்கலாக, எரிவோடு போனால் கிருமித் தொற்று. தண்ணீர் குறைவாகக் குடிக்கிறவர்களுக்கு அது வரும் வாய்ப்புக் கூட, அதனால் இதில் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். மூதூர்ப் பக்கம் பஸ்ஸில் படிப்பிக்கப் போகிற என் மனைவி காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை, ஏனென்றால் வழியிலும் பாடசாலையிலும் உள்ளே போகக்கூடிய மாதிரி ஒரு கழிவறை கிடையாது. போத்தலைக் கையில் கொடுத்து "தண்ணீர் குடியுங்கோ" என்று சொல்கிற பயிற்சிப் பட்டறைகள் மட்டும் குறைவில்லை.

நீங்கள் இன்றைக்கு நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். நாளைக்கும் நிறம் இறங்கவில்லையென்றால், கண்ணையும் மலத்தையும் பார்த்துவிட்டு கிளினிக்குக்குப் போங்கள், சிறுநீர்ப் பரிசோதனைக்குப் பெரிய செலவு வராது.