மாமியார் வீட்டுத் தண்ணீர்

அன்புள்ள அக்கா,

சென்னையில் வேலை பார்க்கிறேன். திருமணமாகி இரண்டு வருடம் ஆகிறது. மனைவிக்குத் தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். இந்த முறை ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே போகிறோம். அப்படியே நாலு இடம் சுற்றிப் பார்க்கலாம் என்பது என் திட்டம். ஒகேனக்கல் போன தடவையே பார்த்தாயிற்று. அதை விட்டால் உங்கள் மாவட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது? ஏற்காடு அல்லது பெங்களூர் போய்விடலாமா என்று யோசிக்கிறேன். மனைவியோ 'வீட்டிலேயே இருப்போமே' என்கிறாள். போன தடவை மாமியார் அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை, சரியாகப் பேசவும் இல்லை. அந்தப் பக்கத்துத் தண்ணீர் பல்லுக்கும் எலும்புக்கும் ஆகாது என்று படித்திருந்ததால் கேன் தண்ணீர் வாங்கி வைத்துக் குடித்தேன். அதில் அவர்களுக்கு வருத்தம் போலிருக்கிறது. நீங்கள் அந்த ஊர்க்காரர் என்பதால் கேட்கிறேன். பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாகச் சொன்னால் உதவியாக இருக்கும். நல்ல விடுதி இருந்தாலும் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

போன வாரம் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு போட்டோ கிடைத்தது. 1993 மே மாதம், ஒகேனக்கல்லில் எடுத்தது. என் வீட்டுக்காரர் ஈரத் தலையோடு சிரிக்கிறார். நான் பக்கத்தில் நிற்கிறேன். அப்பா ஓரமாக நின்று, தோள் துண்டின் நுனியால் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அந்தப் படத்தை மேஜை மேல் வைத்துவிட்டு இரண்டு நாள் வேறு எதையும் எழுத முடியவில்லை. மூன்றாம் நாள் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் இந்தப் பதில்.

விடுதி விவரம் தரமாட்டேன். மாமியார் வீடு இருக்கும்போது விடுதியில் அறை எடுத்தால், அந்தத் தெருவில் உங்கள் மனைவி எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? ஏற்காட்டுக்கு வேறொரு முறை போய்க்கொள்ளலாம். பெங்களூருக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கூலி வேலைக்குப் போகிறார்கள். மனைவி வீட்டுக்கு என்று கிளம்பி அங்கே போய் நிற்பது எனக்குப் புரியவில்லை.

'பார்க்க என்ன இருக்கிறது' என்று கேட்டீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும், சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவியின் ஊரிலிருந்து பாப்பாரப்பட்டி எவ்வளவு தூரம் இருந்துவிடும்? சுப்பிரமணிய சிவா கடைசியாக வந்து சேர்ந்த ஊர் அது. சிறையில் தொழுநோய் பற்றிக்கொண்டது. நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்தான். புண்களோடு கால்நடையாகவே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1923-ல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்பும் முன்பே, 1925 ஜூலை 23 அன்று, சிவா அதே ஊரில் கண்மூடினார். அப்போது அவருக்கு நாற்பது வயதுதான். அந்த நினைவிடத்தில் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். அப்புறம் சொல்லுங்கள், பார்க்க ஒன்றும் இல்லை என்று.

பட்டியல்தான் வேண்டும் என்றால் அதையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. சேலம் போகிற வழியில் அதியமான்கோட்டை. அரூர் பக்கம் தீர்த்தமலை. கிருஷ்ணகிரி பக்கம் போனால் தென்பெண்ணை அணை. சூளகிரியை ஒட்டி மல்லச்சந்திரத்தில் பெருங்கற்காலத்தில் இறந்தவர்களுக்கு எழுப்பிய கல்திட்டைகள். ஓசூர் பக்கம் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி. ஆனால் இதற்கெல்லாம் முன்னால், உங்கள் மனைவியிடம் 'உங்க ஊர்ல வேடியப்பன் எங்கே இருக்கார்' என்று கேளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி என்று எங்கள் இரண்டு மாவட்டத்திலும் நடுகல்லைத்தான் வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். மாடு பிடிக்க வந்தவனோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு, ஆயிரம் வருடத்துக்கு முன்னால் நட்ட கல்லாக இருக்கும். அதற்கு மஞ்சள் பூசி, பொங்கல் வைத்து, பிள்ளைக்கு அவன் பெயரையே வைப்பார்கள். உங்கள் மச்சான் ஒருவர் பெயரே வேடியப்பனாக இருக்கலாம். இரண்டு வருடமாக அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியதுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது.

நான் பாலக்கோட்டுப் பக்கம் பிறந்தவள். எங்கள் வீட்டில் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழுவும் உண்டு. குடிக்கப் போர் தண்ணீர். எங்கள் பூமியின் பாறையிலேயே ஃபுளோரைடு இருக்கிறது. மழை குறைந்த சீமை, போர் ஆழமாகப் போகும். தண்ணீர் பாறையோடு கிடக்கக் கிடக்க அது கரைந்து ஏறும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் உடம்புக்கு ஆகாது என்பது கணக்கு. ஈறுக்குள்ளே பல் உருவாகிற வயதில், அதாவது ஏழெட்டு வயதுக்குள், அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைக்குப் பல் முளைக்கும்போதே பழுப்புக் கோட்டோடு முளைக்கும். எந்தப் பல்பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது. வருடக்கணக்காகக் குடித்தால் எலும்பில் இறங்கி முதுகும் முட்டியும் இறுகிப்போகும். காய்ச்சிக் குடித்தாலும் பயனில்லை, தண்ணீர் சுண்டினால் இன்னும் அடர்த்தியாகும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. சின்ன வயதில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் பள்ளிக்கூடத்தில் முக்கால்வாசிப் பிள்ளைகளின் பல் இப்படித்தான் இருக்கும் என்பது மட்டும்தான். ஐந்து வயதில் என்னைச் சேலத்தில் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே மேட்டூர்த் தண்ணீர். என் பற்கள் பாதி தப்பின. அப்பாவின் பற்கள் தப்பவில்லை.

என் வீட்டுக்காரர் மயிலாப்பூரில் வளர்ந்தவர். கல்யாணமான முதல் கோடையில் அவரைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். உங்களைப் போலவே அவரும் முதல் நாள் மாலையே 'இங்கே பார்க்க என்ன இருக்கு மாமா' என்று கேட்டார். அப்பா மறுநாளே வாடகைக்கு ஒரு அம்பாசிடர் சொன்னார். வாடகைக் காசு பட்டுக்கூடு விற்றதில் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டோம். 'புழு கடைசித் தோல் உரிச்சு எழுந்திருக்கு. தட்டுல இலை போடணும், நான் எங்கே வர்றது' என்றாள். அது உண்மைதான், அந்த ஒரு வாரம் புழு பசியோடு தின்றுகொண்டே இருக்கும். நாங்களும் விட்டுவிட்டோம்.

ஒகேனக்கல்லில் தண்ணீர் குறைவாக இருந்தது, வெயில்காலம். என் வீட்டுக்காரர் எண்ணெய் தேய்த்துக் குளித்தார், பரிசலில் போனார், பொரித்த மீன் தின்றார். சந்தோஷமாக இருந்தார். அப்பா குளிக்கவில்லை. பின்னால்தான் அண்ணன் சொன்னான். எங்கள் பக்கத்து வீடுகளில் ஒகேனக்கல்லுக்குப் போவதென்றால் ஆடி அமாவாசைக்குத் திதி கொடுக்க, இல்லையென்றால் அஸ்தி கரைக்க. அப்பா அதற்கு முன் போனது தாத்தாவின் சாம்பலைக் கரைக்கத்தானாம். அந்தப் படித்துறையில் நின்றுகொண்டுதான் மாப்பிள்ளைக்குத் துண்டு பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

திரும்பி வரும்போது காரில் என் வீட்டுக்காரர் அப்பாவைப் பார்த்து, மனசில் எதுவும் வைத்துக்கொள்ளாமல், அக்கறையோடுதான் சொன்னார்: 'மாமா, அந்தப் புகையிலையை விட்டுடுங்க. பல்லு பாருங்க எப்படி ஆயிடுச்சு.'

அப்பா வாழ்நாளில் புகையிலையைத் தொட்டதில்லை. பீடி, வெற்றிலை எதுவும் கிடையாது. அவர் என்னைப் பார்க்கவில்லை. 'சரிங்க மாப்பிள்ளை' என்றார்.

நான் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். புது மாப்பிள்ளை சங்கடப்படுவாரே என்று சும்மா இருந்துவிட்டேன். அதுவரை படம் எடுக்கும்போது மட்டும் துண்டைத் தேடிய கை, அன்றிலிருந்து அவர் எதிரில் அப்பா சிரித்தாலே துண்டுக்குப் போய்விடும். இரண்டு வருடம் கழித்துத்தான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அன்று இரவு முழுக்க அவர் தூங்கவில்லை. மறுநாள் காலை பஸ் ஏறி, தனியாக ஊருக்குப் போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்தார். அப்பா அப்போதும் 'அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாப்பிள்ளை' என்றுதான் சொன்னார். ஆனால் துண்டு போட்ட கை இறங்கவில்லை.

அப்பா 2009-ல் போனார். கடைசிக் காலத்தில் முதுகு வளையாமல், கீழே உட்கார்ந்து சாப்பிட முடியாமல் இருந்தார். அதற்கு முந்தைய வருடம்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் போட்டிருந்தார்கள், ஜப்பான் கடனுதவியில். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரியை எடுத்து, சுத்திகரித்து, மலை மேல் ஏற்றி, குழாயில் அனுப்புகிற திட்டம். 2013-ல் திறந்தார்கள். எங்கள் தெருக்குழாயில் அந்தத் தண்ணீர் வந்த அன்று அம்மா ஒரு சொம்பு பிடித்து, அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

தம்பி, இப்போது உங்கள் கேனுக்கு வாருங்கள். உங்கள் பயத்தைத் தப்பென்று சொல்லவில்லை. பயம் நியாயமானது, எங்கள் ஊரே அதற்குச் சாட்சி. ஆனால் அந்த வீட்டில் யாரிடமாவது 'இது போர் தண்ணியா, ஒகேனக்கல் தண்ணியா' என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் உங்கள் மாமியார் அடுப்படியிலிருந்து வெளியே வந்து அரைமணி நேரம் பேசியிருப்பார். எந்த வருடம் குழாய் வந்தது, அதற்கு முன்னால் எங்கே போய்ச் சுமந்தோம், யாருடைய பிள்ளைக்குக் கால் வளைந்தது, எல்லாம் சொல்லியிருப்பார். எங்கள் பெண்களுக்குத் தண்ணீரைப் பற்றிப் பேச அவ்வளவு இருக்கிறது. நீங்கள் கேட்காமல் கேனைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தீர்கள். அந்த அம்மாவின் காதில் அது என் வீட்டுக்காரர் காரில் சொன்ன அதே வார்த்தையாகத்தான் விழுந்திருக்கும். அருவியாகக் கொட்டும்போது கைதட்டிப் படம் எடுத்த தண்ணீரை, அவர் வீட்டுச் சொம்பில் ஊற்றிக் கொடுக்கும்போது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது தெரியாது, எனக்குப் புரிகிறது. இப்போது தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் மாமியார் தெருவில் இன்னும் போர் தண்ணீர்தான் என்றால் கேனைத் தாராளமாக வாங்குங்கள், அந்த வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து வாங்குங்கள். அண்டை வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும்.

இன்னொன்று. 'மாமியார் வெளியே வரவே இல்லை' என்கிறீர்கள். எப்படி வருவார்? மகளும் மருமகனும் வந்திருக்கிறார்கள், மூன்று வேளையும் வடித்துக் கொட்ட வேண்டும். கோழி அடிக்க வேண்டும், நீங்கள் களி தின்பீர்களோ மாட்டீர்களோ என்று தனியாகச் சோறு வேறு. உங்கள் மனைவி 'வீட்டிலேயே இருப்போம்' என்று சொன்னது அம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசையாக இருக்கத்தான். நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நாள் சமையலே வேண்டாம் என்று சொல்லி மாமியாரை வெளியே கூட்டிப் போங்கள். வரமாட்டேன் என்பார். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், நாங்கள் எடுத்துக்கொண்டு கெட்டோம். மறுபடி கூப்பிடுங்கள். மாட்டுக்குத் தீனி போடணும், வீட்டைப் பார்த்துக்க ஆளில்லை, துணி நனைச்சு வெச்சிருக்கேன் என்று ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் வழி செய்யுங்கள். நாலாவது தடவை 'வரீங்களா' என்று கேட்காதீர்கள். 'ஏன் வரமாட்டேங்கறீங்க' என்று தனியாக, மெதுவாகக் கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் 2014-ல்தான் அப்படிக் கேட்டார். அதற்குள் புழு வளர்ப்பை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: 'பென்னாகரம் தாண்டி வளைவுல வண்டி இறங்கும்போது எனக்குக் குடலைப் பிரட்டும். மாப்பிள்ளை கார்ல வாந்தி எடுத்தா நல்லாவா இருக்கும்?' இருபத்தொரு வருடம் அதை மனசிலேயே வைத்திருந்தாள். பட்டுப்புழுவைக் காரணம் சொன்னாள், நாங்களும் நம்பிப் போய்விட்டோம்.

அந்த வாரமே கூட்டிப் போனோம். ஐப்பசி மாதம், காவிரி நிறைய ஓடியது. அம்மா அருவியை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். பரிசலில் ஏறமாட்டேன் என்றுவிட்டாள். கரையில் நின்று ஒருவரிடம் 'நம்ம வீட்டுக்குத் தண்ணி எங்கே இருந்து எடுக்கறாங்க' என்று கேட்டாள். அவர் கை காட்டிய திசையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். அப்பாவின் அஸ்தியைக் கரைத்த படித்துறை எது என்று அண்ணனிடம் கேட்டாள். அங்கே போய்க் காலை நனைத்துவிட்டு வந்தாள்.

நீங்கள் கிளம்பும் முன் நீர்வரத்து எவ்வளவு என்று விசாரித்துக்கொள்ளுங்கள். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலு பக்கம் வெள்ளம் ஏறினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், குளிக்கவும் விடமாட்டார்கள். மாமியாரை முன்சீட்டில் உட்கார வையுங்கள், உங்கள் மனைவி பின்னால் உட்காரட்டும். வளைவு தொடங்கும் முன் கண்ணாடியை இறக்கிவிட்டு, அவர் கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுங்கள்.