கேளுங்க சொல்றேன்: ஆய்வுக் களஞ்சியத்துக்குள்ள என்னதான் இருக்கு?

போன இதழ்ல, காசு கட்டாம ஆராய்ச்சிக் கட்டுரை படிக்க ஓபன் ரெபாசிட்டரின்னு, அதாவது திறந்த ஆய்வுக் களஞ்சியம்னு ஒண்ணு இருக்குன்னு ரெண்டே வரிதான் எழுதினேன், அதுக்கு வந்த கேள்விங்களே இந்தப் பக்கத்துக்குப் போதுமானதா இருக்கு. வேற விஷயம் கேட்டவங்களுக்கு அடுத்த இதழ்ல கண்டிப்பா பதில் உண்டு.

கேள்வி: மேடம், நான் முதுகலை படிக்கிறேன். ஜெனோடோங்கிற களஞ்சியத்துல போய் மண் ஈரப்பதம் பத்தி தேடினேன். ஒரு கட்டுரை வருது, கூடவே நாலு எக்ஸெல் ஃபைல், ஒரு போஸ்டர், யாரோ வகுப்பெடுத்த ஸ்லைடு, பைத்தான் கோடு, வயல் போட்டோ எல்லாம் வருது. இதுல எது ஆராய்ச்சி, எது சும்மா போட்டு வச்சது? எதை மேற்கோள் காட்டலாம்?

எல்லாமே ஆராய்ச்சிதாம்மா. ஆராய்ச்சின்னாலே ஜர்னல்ல வந்த பத்துப் பக்கம்தான்னு நமக்குப் பழகிப்போச்சு, ஆனா அந்தப் பத்துப் பக்கம் வர்றதுக்கு முன்னாடி ஒருத்தர் மாசக்கணக்கா அளந்து குறிச்சது, அதைக் கணக்குப் போட எழுதின கம்ப்யூட்டர் கோடு, நடுவுல ஒரு மாநாட்டுல போய்க் காட்டின போஸ்டர், இதெல்லாம் எங்க போச்சு? முன்னாடி அவங்க கம்ப்யூட்டரோடயே போயிடும். அதை வைக்க ஒரு இடம்தான் இந்தக் களஞ்சியங்க. ஜெனோடோவை 2013ல செர்ன்ங்கிற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வு மையம் ஆரம்பிச்சப்பவே எந்தத் துறையா இருந்தாலும், எந்த வகை ஃபைலா இருந்தாலும் ஏத்தலாம்னுதான் வச்சாங்க. அலெக்சாண்ட்ரியா நூலகத்தோட முதல் நூலகர் ஜெனோடோட்டஸ், அவர் பேரைத்தான் இதுக்கு வச்சிருக்காங்க, நூலகத்துல வேலை பார்த்தவ நான், எனக்கு அந்தப் பேரைப் பார்த்தாலே சந்தோஷமா இருக்கும்.

ஆனா எல்லாம் ஆராய்ச்சின்னா எல்லாத்தையும் ஒரே மாதிரி நம்பலாம்னு அர்த்தம் இல்ல. போஸ்டர்ங்கிறது வேலை பாதியில இருக்கறப்ப காட்டினது, அதுல இருக்கற எண்ணு பின்னாடி மாறியிருக்கலாம், அதனால யாரு இந்த விஷயத்துல வேலை பண்றாங்கன்னு தெரிஞ்சுக்க அதைப் பயன்படுத்துங்க, முடிவுக்கு அதை நம்பாதீங்க. ஸ்லைடும் அப்படித்தான். தீசிஸ், அதாவது பட்டத்துக்காக எழுதற ஆய்வேடு, கிடைச்சா விடாதீங்க. ஜர்னல் கட்டுரையில செய்முறையை ரெண்டு பத்தியில சுருக்கிடுவாங்க, தீசிஸ்லதான் எந்தக் கருவி, எத்தனை தடவை அளந்தாங்க, என்னென்ன கேள்வி கேட்டாங்கங்கிறதெல்லாம் விரிவா இருக்கும், பின்னிணைப்புல முழு கேள்வித்தாளே இருக்கும். புதுசா ஆராய்ச்சிக்கு வர்ற ஒருத்தருக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

டேட்டாசெட், அதாவது அளந்து குறிச்ச எண்களோட தொகுப்பு, அதைப் பத்திதான் நான் அதிகமா சொல்லணும். ஒரு தடவை ஒரு கட்டுரையில இருந்த வரைபடம் எனக்குப் புரியவே இல்ல, மூணு வாரத்துக்கு கோடு அப்படியே நேரா போகுது, இயற்கையில அப்படி வராதேன்னு யோசிச்சு அவங்க களஞ்சியத்துல போட்டிருந்த டேட்டாவை எடுத்துப் பார்த்தேன், கூட ரீட்மீன்னு ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல், அதுல அந்த மூணு வாரமும் சென்சார் வேலை செய்யல, சராசரி போட்டு நிரப்பியிருக்கோம்னு நேர்மையா எழுதி வச்சிருந்தாங்க. கட்டுரையில அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அன்னையிலேர்ந்து கட்டுரைக்கு முன்னாடி ரீட்மீயைத்தான் படிக்கிறேன்.

டேட்டாவுக்கு எவ்ளோ பலம்னு இன்னொண்ணும் சொல்றேன். 1971ல புரோட்டீன் டேட்டா பேங்க்னு ஒண்ணு வெறும் 7 புரோட்டீனோட வடிவத்தை வச்சு ஆரம்பிச்சாங்க. உலகம் பூரா ஆராய்ச்சியாளருங்க தாங்க கண்டுபிடிச்ச வடிவத்தையெல்லாம் கொண்டாந்து அதுல சேர்த்து சேர்த்து இன்னைக்கு 2 லட்சத்தைத் தாண்டிடுச்சு. புரோட்டீன் எப்படி மடங்கும்னு கணிக்கிற ஆல்ஃபாஃபோல்டுங்கிற செயற்கை நுண்ணறிவு அந்தச் சேமிப்பை வச்சுத்தான் கத்துக்கிச்சு, 2024 வேதியியல் நோபல்ல பாதி அதை உருவாக்கினவங்களுக்குக் கிடைச்சது. சேர்த்து வச்ச அத்தனை பேரும் அன்னைக்கு எக்ஸெல் ஃபைல் மாதிரி ஒண்ணைத்தான் குடுத்தாங்க.

மேற்கோளுக்கு: ஜெனோடோவுல ஒவ்வொரு பதிவோட பக்கத்துலயும் இது கட்டுரையா, டேட்டாசெட்டா, சாஃப்ட்வேரா, போஸ்டரான்னு ஒரு சின்ன லேபிள் இருக்கும், கீழ டிஓஐன்னு ஒரு நிரந்தர எண் இருக்கும். அந்த ரெண்டையும் சேர்த்துக் குடுத்தீங்கன்னா கம்ப்யூட்டர் கோடு உட்பட எதையும் தாராளமா மேற்கோள் காட்டலாம். இன்னொண்ணு, ஜெனோடோவுல ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனி டிஓஐ, எல்லா வெர்ஷனுக்கும் பொதுவா ஒரு டிஓஐ உண்டு. நீங்க எந்த ஃபைலை வச்சுக் கணக்குப் போட்டீங்களோ அந்த வெர்ஷனோடதைக் குடுங்க.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். இந்தக் களஞ்சியங்கள்ல இருக்கறதை நிபுணர்கள் யாரும் சரிபார்க்கறதில்லைன்னு சொல்றாங்க. அப்ப இதைப் படிச்சு என்ன பிரயோஜனம்?

ஐயா, உங்க கவலை நியாயமானது. ஆனா இந்தக் கதையே உங்க துறையிலதான் ஆரம்பிக்குது. 1991 ஆகஸ்டுல அமெரிக்காவுல லாஸ் அலமோஸ் ஆய்வகத்துல இருந்த பால் கின்ஸ்பார்க்ங்கிற இயற்பியலாளர், ஜர்னல்ல அச்சாகிறதுக்கு முன்னாடி இயற்பியல்காரங்க தங்களுக்குள்ள தபால்ல அனுப்பிக்கிட்டிருந்த கட்டுரைப் பிரதிங்களை ஒரே இடத்துல வச்சு யாரு கேட்டாலும் ஈமெயில்ல அனுப்பற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணார். அதுதான் ஆர்கைவ். 2001ல கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போச்சு, இப்ப 20 லட்சத்துக்கு மேல கட்டுரைங்க இருக்கு. அங்க மாடரேட்டருங்க பார்ப்பாங்க, ஆனா இது அறிவியல் கட்டுரை மாதிரி இருக்கா, சரியான பிரிவுல இருக்கான்னுதான் பார்ப்பாங்களே தவிர, முடிவு சரியான்னு சோதிக்க மாட்டாங்க. இப்படி நிபுணருங்க சரிபார்த்து ஜர்னல்ல வர்றதுக்கு முன்னாடியே வெளிய வைக்கிற கட்டுரைக்குப் பேருதான் ப்ரீப்ரிண்ட்.

ரெண்டு சம்பவம் சொல்றேன், ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாத்தான் புரியும். 2002 நவம்பர்ல கிரிகோரி பெரல்மேன்னு ஒரு ரஷ்யக் கணிதக்காரர் ஆர்கைவ்ல ஒரு கட்டுரை போட்டார், அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு. நூறு வருஷமா யாராலயும் முடியாத பாயின்கரே கணிப்புங்கிற கணிதப் புதிருக்கு நிரூபணம் அதுல இருந்துச்சு. அதை அவர் எந்த ஜர்னலுக்கும் அனுப்பவே இல்ல. கணிதக்காரங்க பல குழுவா உக்காந்து வருஷக்கணக்கா வரி வரியா சோதிச்சு சரின்னாங்க, 2006ல கணிதத்தோட பெரிய விருதான ஃபீல்ட்ஸ் மெடல் குடுத்தாங்க, அவர் வாங்கிக்கல. இன்னைக்கும் அந்த நிரூபணத்தோட மூலம் வேணும்னா அந்தக் களஞ்சியத்துக்குத்தான் போகணும்.

இன்னொண்ணு 2011 செப்டம்பர்ல. செர்ன்லேர்ந்து இத்தாலியில கிரான் சாஸோ ஆய்வகத்துக்கு சுமார் 730 கிலோமீட்டர் பூமிக்கடியில போன நியூட்ரினோங்கிற நுண்துகள், ஒளியைவிட 60 நானோசெகண்டு முன்னாடி வந்து சேர்ந்துச்சுன்னு, அதை அளந்த ஆப்பராங்கிற ஆய்வுக் குழு ஆர்கைவ்ல போட்டாங்க. உலகமே ஆடிப்போச்சு. பின்னாடி பார்த்தா ஒரு ஃபைபர் ஆப்டிக் கேபிள் சரியா பொருந்தாம இருந்திருக்கு. அந்தக் குழு பண்ணினதை நான் பெரிய மனசோட வேலைன்னு சொல்லுவேன், எங்களுக்கே இது புரியல, எல்லாரும் வந்து பாருங்கன்னுதான் போட்டாங்க, தப்பு தெரிஞ்சதும் அதே பதிவுல புது வெர்ஷன் ஏத்தினாங்க. முதல் வெர்ஷனும் அங்கயே இருக்கு, திருத்தினதும் இருக்கு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நீங்களே படிக்கலாம். பசங்களுக்கு அறிவியல் எப்படி நடக்குதுன்னு சொல்லிக்குடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியல.

அதனால ப்ரீப்ரிண்ட் படிக்கிறப்ப வெர்ஷன் வரலாறைப் பாருங்க, ஜர்னல்ல வந்திருந்தா அந்த லிங்க் இருக்கும், அதையும் பாருங்க. மருத்துவத்துல மட்டும் ரொம்ப ஜாக்கிரதை. 2019ல வந்த மெட்ஆர்கைவ்ங்கிற மருத்துவ ப்ரீப்ரிண்ட் களஞ்சியம், இதை வச்சு சிகிச்சை முடிவு எடுக்கக்கூடாதுன்னு தன் தளத்துலயே எச்சரிச்சிருக்கு. அந்த எச்சரிக்கையை விட்டுட்டு தலைப்பை மட்டும் ஃபார்வேர்டு பண்றவங்களைப் பார்த்தா எனக்கு உண்மையிலேயே பயமா இருக்கு.

கேள்வி: காசு குடுத்து வாங்க வேண்டிய கட்டுரையை இங்க இலவசமா இறக்கினா சட்டப்படி தப்பில்லையா?

தப்பில்ல. நிறைய ஜர்னலுங்க, நிபுணருங்க சரிபார்த்து ஏத்துக்கிட்ட பிரதியை, அதாவது அவங்க அழகா பக்கம் கோத்து அச்சுக்கு அனுப்பறதுக்கு முந்தின வடிவத்தை, எழுதினவரே களஞ்சியத்துல வைக்கலாம்னு அனுமதிக்கிறாங்க, சில சமயம் இத்தனை மாசம் கழிச்சுத்தான்னு ஒரு நிபந்தனை இருக்கும். படிக்கிறதுக்குப் பிரச்சனையே இல்ல. மொழிபெயர்க்கணும், படத்தை எடுத்துப் போடணும்னாதான் லைசென்ஸைப் பாருங்க. கிரியேட்டிவ் காமன்ஸ்ங்கிற பொது லைசென்ஸ்ல சிசி பைன்னு இருந்தா பேரைக் குறிப்பிட்டு என்ன வேணா பண்ணலாம், என்சின்னு சேர்ந்து வந்தா வியாபாரத்துக்கு ஆகாது, என்டின்னு இருந்தா மாத்தி வெளியிடக்கூடாது, மொழிபெயர்ப்பும் அதுல சேர்த்தி.

கேள்வி: பிஎச்டி நாலாவது வருஷம். ரெண்டு வருஷம் பண்ணின ஒரு பரிசோதனையில எந்த விளைவும் வரல. கைடு அதை விட்டுட்டு அடுத்ததைப் பாருங்கறார். எனக்கு மனசு கேக்கல. இதைக் களஞ்சியத்துல போடலாமா, போட்டா என் பேர் கெட்டுடுமா?

போடுங்க. இந்தக் கேள்வியைப் படிச்சதும் மத்ததையெல்லாம் விட்டுட்டு இதுக்குத்தான் முதல்ல பதில் எழுதினேன். ரெண்டு வருஷ உழைப்புய்யா அது.

1979ல ராபர்ட் ரோசன்தால்னு ஒரு உளவியல் ஆய்வாளர் இதுக்கு ஃபைல் டிராயர் பிரச்சனைன்னு பேரு வச்சார். விளைவு வந்த ஆய்வெல்லாம் ஜர்னலுக்குப் போகுது, வராததெல்லாம் டிராயருக்குப் போகுது, வெளியில இருந்து படிக்கிறவங்களுக்கு எல்லாமே வேலை செய்யற மாதிரி தெரியுதுன்னார். நீங்க டிராயர்ல போட்டுட்டீங்கன்னா, வேற ஒரு ஊர்ல உங்களை மாதிரியே ஒரு ஆள் அதே யோசனை வந்து அதே ரெண்டு வருஷத்தை செலவு பண்ணுவார், அவருக்கும் ஒண்ணும் வராது, அவரும் டிராயர்ல போடுவார். இது எத்தனை தடவை நடந்திருக்குன்னு யாராலயும் எண்ண முடியாது, ஏன்னா அதுக்குப் பதிவே இல்ல. மைக்கல்சனும் மோர்லியும் 1887ல, ஒளி பரவ ஊடகமா இருக்குன்னு அப்ப நம்பின ஈதர் வழியா பூமி போற வேகத்தை அளக்கப் போய் எதிர்பார்த்தது வரலன்னுதான் எழுதினாங்க, அந்த வரலங்கிறதுதான் பின்னாடி இயற்பியலையே திருப்பிப் போட்டுச்சு. உங்களோடது அவ்ளோ பெருசா ஆகணும்னு இல்ல, ஒருத்தரோட ரெண்டு வருஷத்தைக் காப்பாத்தினா அதுவே போதும்.

எப்படிப் போடணும்னா, வரலன்னு மட்டும் எழுதினா யாருக்கும் உபயோகப்படாது. என்ன எதிர்பார்த்தீங்க, எத்தனை மாதிரி எடுத்தீங்க, சின்ன விளைவு இருந்திருந்தா உங்க முறையில அது தெரிஞ்சிருக்குமா, எந்த இடத்துல சந்தேகம் இருக்கு, இதையெல்லாம் எழுதி மூல டேட்டாவையும் சேர்த்து வைங்க. அடுத்த ஆய்வுக்கு முன்னாடி ஓஎஸ்எஃப் (ஓபன் சயின்ஸ் ஃப்ரேம்வொர்க்) மாதிரி தளத்துல திட்டத்தையே முன்பதிவு பண்ணிடுங்க, அப்ப விளைவு வந்தாலும் வரலன்னாலும் அது ஒரு பதில்தான்னு தேதியோட நிக்கும். கைடுகிட்ட மறைக்காம சொல்லிட்டு, அவர் பேரையும் சேர்க்கணுமான்னு கேட்டுட்டு ஏத்துங்க, கூட வேலை பார்த்தவங்களோட சம்மதமும் வேணும்.

கேள்வி: எல்லாமே இங்கிலீஷ்லதானா? எங்கதான் தேடறது?

இல்லவே இல்ல. பிரேசில்ல 1997ல தொடங்கின சைலோங்கிற இணைய ஜர்னல் தொகுப்புல போர்த்துகீசும் ஸ்பானிஷும் கொட்டிக் கிடக்குது, பிரான்சோட ஹால்ங்கிற களஞ்சியத்துல பிரெஞ்சு. நம்ம மொழியில எழுதினதையும் ஏத்தலாம், தலைப்பையும் சுருக்கத்தையும் இன்னொரு மொழியிலயும் சேர்த்துக் குடுத்தா தேடறவங்க கண்ணுல படும்.

ஒவ்வொரு களஞ்சியமா ஏறி இறங்க வேண்டாம். களஞ்சியங்க தங்களோட பட்டியலை ஒரே மாதிரி வடிவத்துல வெளிய குடுக்கறதுக்கு ஒரு பொது நெறிமுறை இருக்கு, அதை வச்சு ஜெர்மனியில பீலஃபெல்டு பல்கலைக்கழக நூலகம் நடத்துற பேஸ், பிரிட்டன்ல ஓபன் யுனிவர்சிட்டி நடத்துற கோர், ரெண்டும் ஆயிரக்கணக்கான களஞ்சியத்தோட பட்டியலைத் திரட்டி ஒரே தேடல் பெட்டியில குடுக்குது. இந்தியப் பல்கலைக்கழகங்களோட பிஎச்டி தீசிஸ்னா ஷோத்கங்காங்கிற தளம். தேடிட்டு ஆவண வகைங்கிற ஃபில்டரைப் போட்டு தீசிஸ், டேட்டாசெட்னு தனித்தனியா பாருங்க.

கேள்வி: சமூகவியல் ஆய்வுக்காக நாப்பது பேரைப் பேட்டி எடுத்திருக்கேன். எழுத்து வடிவத்தைக் களஞ்சியத்துல போடச் சொல்றாங்க. பிறகு வேண்டாம்னு தோணினா எடுத்துடலாம்தானே?

எடுக்கலாம்னு நினைச்சுப் போடாதீங்க. களஞ்சியம் கட்டினதே அழியாம வைக்கத்தான். ஆர்கைவ்ல வாபஸ் வாங்கினாலும் பழைய வெர்ஷன் அங்கயே இருக்கும். மத்த இடத்துல ஃபைலை நீக்கினாலும், இங்க ஒண்ணு இருந்துச்சு, இன்ன காரணத்துக்காக எடுத்தோம்னு ஒரு பக்கம் அதே டிஓஐயில நிக்கும், அதுக்குள்ள யாரெல்லாம் இறக்கி வச்சிருக்காங்கன்னு உங்களால கண்டுபிடிக்க முடியாது.

அதனால முதல்ல அந்த நாப்பது பேரும் எதுக்கு சம்மதிச்சாங்கன்னு பாருங்க. ஆய்வுக்குப் பயன்படுத்தலாம்னு சொன்னது வேற, உலகத்துக்கே திறந்து வைக்கலாம்னு சொன்னது வேற. சந்தேகமா இருந்தா விவரப் பக்கத்தை மட்டும் திறந்து வச்சுட்டு ஃபைலைக் கட்டுப்பாட்டுல வைங்க, வேணுங்கிறவங்க உங்ககிட்ட கேட்டு வாங்கிக்கட்டும், பெரிய களஞ்சியங்கள்ல இந்த வசதி இருக்கு. பேரை மாத்தினா போதாது, வேலை, வயசு, ஊரு மூணும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடிச்சிடலாம். ஏத்தறதுக்கு முன்னாடி ஃபைல் பேரையும் பாருங்க, உள்ள எல்லாத்தையும் மாத்திட்டு ஃபைலுக்கு மட்டும் பேட்டி குடுத்தவரோட பேரை அப்படியே விட்டு வச்சதை நான் ஒரு தடவைக்கு மேல பார்த்திருக்கேன்.