ஸ்வானா, ஸ்டால்வொர்த்தா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலைக்காகப் பிட்ஸ்பர்க் வந்தபிறகுதான் அமெரிக்கக் கால்பந்து பார்க்கத் தொடங்கினேன். அலுவலகத்தில் மூத்தவர்கள் இந்த ஊரின் 1970களின் ஸ்டீலர்ஸ் அணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு லின் ஸ்வானில்தான் போய் நிற்கும். ஆனால் எண்களைப் பார்த்தால் ஜான் ஸ்டால்வொர்த்தான் எல்லாவற்றிலும் மேலே இருக்கிறார். பிடித்த பந்துகள் 537க்கு 336, யார்டுகள் 8,723க்கு 5,462, டச்டவுன்கள், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டியவை, 63க்கு 51. பிறகு ஏன் ஸ்வான்? வெறும் பழைய பாசமா? எறியும் பந்தை ஓடிப் பிடிக்கும் இந்த இரண்டு வைட் ரிசீவர்களில் நீங்கள் யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

க., பிட்ஸ்பர்க்

அன்புள்ள க.,

நீங்கள் கொடுத்த எண்கள் சரிதான். ஆனால் அவற்றை வருடவாரியாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தீர்களா? இருவரையும் ஸ்டீலர்ஸ் எடுத்தது 1974 டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில். ஸ்வான் முதல் சுற்றில் 21-வது ஆள், ஸ்டால்வொர்த் நான்காம் சுற்றில் 82-வது ஆள். ஸ்வான் 1982 சீசனோடு விலகிவிட்டார். ஸ்டால்வொர்த் 1987 வரை ஆடினார். ஆக, இருவரும் ஒரே அணியில், ஒரே பயிற்சியாளரின் கீழ் சேர்ந்து ஆடியது ஒன்பது சீசன்கள். அந்த ஒன்பதை மட்டும் கூட்டினால் ஸ்வானுக்கு 336 பந்து, 5,462 யார்டு, 51 டச்டவுன். ஸ்டால்வொர்த்துக்கு 299 பந்து, 5,304 யார்டு, 44 டச்டவுன். மூன்றிலும் ஸ்வான் ஒரு படி மேலே. நீங்கள் பார்த்த பெரிய இடைவெளி முழுக்க ஸ்வான் போனபிறகு வந்தது. உங்கள் அலுவலக மூத்தவர்கள் சொல்வதில் பாசம் இருக்கலாம், ஆனால் அவர்கள் கண்ணால் கண்டதும் பொய்யில்லை.

இன்னொரு கணக்கு. ஒரு பிடிக்குச் சராசரி எத்தனை யார்டு என்று பார்த்தால் ஸ்வானுக்கு 16.3, ஸ்டால்வொர்த்துக்கு 16.2. இத்தனை வருடம், இத்தனை பந்து கழித்தும் அந்த எண் அப்படியே ஒட்டி நிற்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அந்த ஒன்பது வருடங்களுக்குள்ளும் ஒரு கோடு போட வேண்டும். 1978-க்கு முன் ரிசீவரை மறிக்கும் கார்னர்பேக்குகளுக்கு இன்றைவிட அதிக உரிமை இருந்தது. ஓடுபவரை வழியிலேயே இடித்து, தள்ளி, தடம் மாற்றலாம். 1977-இல் அதை ஒரு முறை மட்டும் என்று குறைத்தார்கள். 1978-இல் ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து 5 யார்டுக்குள் மட்டும் என்று கட்டினார்கள். இதில் மிகக் கைதேர்ந்தவர் ஸ்டீலர்ஸின் சொந்த கார்னர்பேக் மெல் பிளவுண்ட். அந்த விதியே அவர் பெயரால்தான் இன்றும் அழைக்கப்படுகிறது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை லைன்மேன்கள் கையை நீட்டித் தடுக்கலாம் என்ற அனுமதியும் அதே வருடம் வந்தது. சீசனும் 14 ஆட்டத்திலிருந்து 16 ஆனது. ஸ்டீலர்ஸ் அதுவரை ஃபிராங்கோ ஹாரிஸையும் ராக்கி பிளையரையும் நம்பி ஓட்டத்தில் ஜெயித்த அணி. 1975-இல் அதன் குவார்ட்டர்பேக் டெர்ரி பிராட்ஷா எறிந்தது 286 பந்து, 1979-இல் 472.

அந்தக் கடினமான முதல் நான்கு வருடங்களில் ஸ்வான் 138 பந்து பிடித்து 23 டச்டவுன் போட்டார். ஸ்டால்வொர்த் 89 பந்து, 14 டச்டவுன். ஸ்வானின் பெயர் நிலைத்தது அங்கேதான். 1975-இல் அவர் பிடித்த 49 பந்தில் 11 டச்டவுன், அதாவது நான்கரை பந்துக்கு ஒன்று! ஸ்டால்வொர்த்துக்கு நிரந்தர இடம் கிடைத்ததே 1977-இல்.

அடுத்து, எல்லோரும் காட்டும் அந்த ஒரு பிடி. 1976 ஜனவரி 18, மயாமி, டல்லஸ் கவ்பாய்ஸுக்கு எதிரான 10-வது சூப்பர் பவுல், அதாவது சீசனின் இறுதிப்போட்டி. அதற்கு இரண்டு வாரம் முன்பு ஓக்லண்டுடனான ஆட்டத்தில் தலையில் அடிபட்டு ஸ்வான் மருத்துவமனையில் இருந்தார். இரண்டாம் கால்பகுதியின் இறுதி, ஸ்டீலர்ஸ் தன் 10 யார்டு கோட்டில் முடங்கியிருக்கிறது. பிராட்ஷா தூக்கி எறிந்த பந்துக்கு ஸ்வானும் டல்லஸின் மார்க் வாஷிங்டனும் சேர்ந்து எழும்புகிறார்கள். கால் பின்னி இருவரும் சரிகிறார்கள். பந்து ஸ்வானின் கையில் தட்டி மேலே துள்ளுகிறது. கீழே விழுந்துகொண்டே, கண்ணை அதிலிருந்து எடுக்காமல், தரையைத் தொடுமுன் அணைத்துக்கொள்கிறார். 53 யார்டு. ஆனால் அந்தப் பிடியால் ஸ்டீலர்ஸுக்கு ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை. அந்த முயற்சி டல்லஸின் 19 யார்டு வரை போய், ராய் ஜெரேலாவின் 36 யார்டு உதை தவறியதில் முடிந்தது. ஆட்டத்தைத் தீர்மானித்தவை வேறு இரண்டு: முதல் டச்டவுனுக்கு வழிவிட்ட, ஓரக்கோட்டை ஒட்டிய 32 யார்டு பிடி, கடைசிக் கால்பகுதியில் வந்த 64 யார்டு டச்டவுன். நான்கே பந்து, 161 யார்டு. சூப்பர் பவுலில் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற முதல் வைட் ரிசீவர் அவர்தான்.

இனி ஸ்டால்வொர்த். அவர் பக்கம் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. ஸ்வான் 5 அடி 11 அங்குலம். காற்றில் எழும்பி, உடம்பை வளைத்து எடுப்பார். ஸ்டால்வொர்த் 6 அடி 2 அங்குலம். அவர் சிறப்பு தடத்தில் இருந்தது, பிடித்தபின் ஓட்டத்தில் இருந்தது. 13-வது சூப்பர் பவுலில் அவருக்கு வந்தது சாதாரண 10 யார்டு பந்து. டல்லஸின் ஆரன் கைல் பிடியிலிருந்து உதறிக்கொண்டு 75 யார்டு ஓட்டமாக்கினார். 14-வதில், 1980 ஜனவரி 20, கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் 19-17 என முன்னிலை. ஸ்வான் அடிபட்டு வெளியே போய்விட்டார். மூன்றாம் டவுன், அதாவது 10 யார்டு கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது, இன்னும் 8 யார்டு வேண்டும். ‘60 பிரிவென்ட் ஸ்லாட் ஹுக் அண்ட் கோ’ என்ற ஆட்டத் திட்டத்தை அழைத்தார்கள். உள்பக்கம் நின்று ஓடி, நின்று திரும்புவதுபோல் பாவனை காட்டி, எதிராளி எடை முன்னே சாய்ந்த கணத்தில் நேராகப் பாய வேண்டும். பாவனை அரைகுறையானால் பந்து வந்து சேர்வதற்குள், பின்னால் காவல் நிற்கும் சேஃப்டி வந்துவிடுவார். பயிற்சியில் இது சரிவரவே இல்லை. அன்று ராம்ஸின் ராட் பெர்ரி ஏமாறாமல் கூடவே ஓடினார், அவர் விரல் நுனிக்கு மேலே போன பந்தை ஸ்டால்வொர்த் தலைக்குப் பின்னாலிருந்து வாங்கி 73 யார்டு ஓடினார். சிறிது நேரம் கழித்து அதே ஆட்டத்தில் இன்னொரு 45 யார்டு. கோப்பை அங்கே முடிவானது.

என் தேர்வு ஸ்டால்வொர்த். மொத்த எண்ணிக்கைக்காக அல்ல, 1984-க்காக. பிராட்ஷா இல்லை, ஸ்வான் இல்லை. எறிந்தவர்கள் மார்க் மலோனும் டேவிட் வுட்லியும். முந்தைய சீசனில் காயத்தால் வெறும் 8 பந்து பிடித்திருந்த 32 வயதுக்காரர் 80 பந்து, 1,395 யார்டு, 11 டச்டவுன் எடுத்தார். எதிரணிகள் முதலில் குறிவைத்தது அவரைத்தான் என்றபோதும். ஸ்வானுக்கு எந்த சீசனிலும் ஆயிரம் யார்டு இல்லை, அதிகபட்சம் 1978-இல் 880. முதல் நான்கு வருடத்துக்கு விதியும் அணியின் பாணியும் காரணம் என்று ஒப்புக்கொள்வேன். ஆனால் 1979-இல் அதே விதி, அதே பிராட்ஷா, ஸ்டால்வொர்த் 1,183 யார்டு, ஸ்வான் 808. 1981-இல் 1,098க்கு 505. தலையில் வாங்கிய அடிகள் ஸ்வானின் ஆட்டக்காலத்தைச் சுருக்கின என்பது என் எண்ணம். அதில் அவர் பிழை ஏதுமில்லை.

சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் ஸ்வானுக்கு 2001-இல் திறந்தது, ஸ்டால்வொர்த்துக்கு 2002-இல். ஸ்வான் தன்னை மேடையில் அறிமுகம் செய்ய அழைத்தது ஸ்டால்வொர்த்தை.

பழைய ஒளிப்பதிவு பார்ப்பதானால் 13-வது சூப்பர் பவுலில் தொடங்குங்கள். இருவரும் நன்றாக ஆடிய ஆட்டம் அது. ஸ்வான் 7 பந்து, 124 யார்டு. ஸ்டால்வொர்த் 3 பந்து, 115 யார்டு, இரண்டு டச்டவுன். பந்தைத் தொடராதீர்கள், ஸ்வானின் சட்டை எண் 88-ஐயும் ஸ்டால்வொர்த்தின் 82-ஐயும் தொடருங்கள். பந்து மற்றவருக்குப் போகும்போது இவர் என்ன செய்கிறார், சேஃப்டி யார் பக்கம் சாய்கிறார் என்று கவனியுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், உங்கள் அலுவலக மூத்தவர்கள் சொல்வதையும் சேர்த்து.

அன்புடன்