மடகாஸ்கரின் எட்டு, ஹவாயின் எட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மடகாஸ்கர் மக்களின் மொழி போர்னியோவிலிருந்து போனது என்று சென்ற மாதம் ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. லெமூரியா என்ற பெயரே மடகாஸ்கரை வைத்து வந்ததுதானே? பசிபிக் தீவுக்காரர்களின் இரட்டைப் படகுக்கு ‘கேட்டமரான்’ என்று நம் கட்டுமரத்தின் பெயர். மலாயில் கப்பலும் கடையும் நம் சொற்கள். நியூசிலாந்தில் தமிழ் எழுத்துள்ள மணியே கிடைத்திருக்கிறது. இவர்களெல்லாம் கடல்கொண்ட குமரியிலிருந்து சிதறியவர்கள் என்று ஏன் சொல்லக் கூடாது? போர்னியோ எங்கே, மடகாஸ்கர் எங்கே?

ச., நாகப்பட்டினம்

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்விதான் நல்ல கேள்வி, அதிலிருந்தே தொடங்குகிறேன். நடுவே 7,000 கிலோமீட்டர் கடல். தரையில் நடந்து பழகிய நமக்கு, அவ்வளவு தூரம் மனிதர் போயிருந்தால் அங்கே நிலம் இருந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். லெமூரியாவும் அப்படித்தான் பிறந்தது. லெமூர் என்ற குரங்கு போன்ற விலங்கு மடகாஸ்கரில் இருக்கிறது, அதன் உறவினங்கள் இந்தியாவில் இருக்கின்றன, நடுவில் ஒரு கண்டம் இருந்தாக வேண்டும் என்று 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் ஊகித்தார். கண்டங்கள் நகர்வது தெரிந்தபின் அந்த ஊகத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன். மனிதன் என்ற பேச்சே இல்லாத காலம்.

மக்களோ படகில் வந்தார்கள். மடகாஸ்கரின் மலகாசி மொழிக்கு மிக நெருங்கிய சொந்தம் தென்கிழக்கு போர்னியோவில் பேசப்படும் மாஅன்யான் என்பதை 1951இல் ஓட்டோ டால் என்ற நார்வேக்காரர் காட்டினார். மலாயில் சூரியன் ‘மத்தாஹாரி’, பகலின் கண். மலகாசியில் ‘மாசுஆன்ட்ரு’, அதுவும் பகலின் கண்தான். கண்ணீரை இரண்டு மொழியிலும் ‘நீர்’, ‘கண்’ என்ற இரு சொற்களைச் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். உடனே நீங்கள் “நம் கண்ணீரும் அப்படித்தானே!” என்பீர்கள். தெரியும். அதனால்தான் இந்த மாதிரி ஒற்றுமையை மட்டும் நம்பி யாரும் சொந்தம் கொண்டாடுவதில்லை.

ஒலி ஒழுங்காக மாற வேண்டும். ஹவாயில் இரண்டு ‘லுவா’, ஐந்து ‘லிமா’, எட்டு ‘வாலு’. நியூசிலாந்துப் பழங்குடிகளின் மாவோரி மொழியில் ‘ருவா’, ‘ரிமா’, ‘வாரு’. ல வரும் இடத்திலெல்லாம் ர. இப்படி வரிசையாக வந்தால் அது தற்செயலாக இருக்க முடியாது. மலகாசியில் எட்டுக்கு என்ன? ‘வாலு’. ஹவாய்க்காரரும் மடகாஸ்கர்காரரும் உலகின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்துகொண்டு எட்டை ஏறக்குறைய ஒரே மாதிரி எண்ணுகிறார்கள். மலாயிலுள்ள நம் கப்பல், கடை, முதல் எல்லாம் வியாபாரத்தோடு போன சரக்கு. எண்ணும் கண்ணும் கையும் வீட்டுச் சொற்கள். (‘லிமா’ என்றால் ஹவாயில் கை என்றும் பொருள். விரலை எண்ணினால் ஐந்துதானே.)

அப்படியானால் பூர்வீகம் எது? ஒரு குடும்பத்தில் பத்துப் பங்காளிகள், ஒன்பது வீடு ஒரே ஊரில், பத்தாவது பிள்ளையின் வாரிசுகள் மட்டும் உலகமெங்கும் என்றால் சொந்த ஊர் எதுவென்று சொல்லிவிடலாம். மலாய், மலகாசி, ஹவாய், மாவோரி எல்லாம் சேர்ந்த ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தில் 1,200க்கு மேல் மொழிகள். மொழியியலாளர் ராபர்ட் பிளஸ்ட்டின் பகுப்பில் பத்துக் கிளைகள், ஒன்பது தைவானில் மட்டும். பிலிப்பைன்ஸ் முதல் ஈஸ்டர் தீவு வரை மற்றதெல்லாம் பத்தாவது கிளை. தைவானின் பழங்குடிகள் இன்று அத்தீவின் மக்கள்தொகையில் 3 சதவீதம்கூட இல்லை என்பது வேறு கதை.

சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் தைவானிலிருந்து பிலிப்பைன்ஸின் லூசோன் தீவுக்குப் போனார்கள். சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன், பல்போல் புள்ளி குத்திய லபீட்டா மண்பாண்டங்களோடு நியூகினிக்கு அருகிலுள்ள பிஸ்மார்க் தீவுகள். பிறகு தோங்கா, சமோவா. அங்கே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றுவிட்டார்கள்! ஏன் என்று இன்னும் சண்டை நடக்கிறது. மறுபடி கிளம்பியவர்கள் நியூசிலாந்தில் இறங்கியது, நம் ராஜேந்திர சோழன் கடாரத்துக்குப் படை அனுப்பி இருநூறு ஆண்டுகளுக்கும் பிறகு.

எல்லாரும் ஒரே ரத்தம் என்றும் எண்ண வேண்டாம். மலகாசிகளின் மரபணுவில் ஏறத்தாழ பாதி ஆப்பிரிக்கா. தாய்வழி மரபணுவை வைத்து 2012இல் கணக்கிட்டவர்கள், தொடக்கக் குடியில் சுமார் 30 பெண்கள்தான் இருந்திருக்கலாம் என்றார்கள். மொழியும் நெல்லும் பக்கமிதவை வைத்த படகும் நிலைத்தன.

எனக்குப் பிடித்த காட்சி ஒன்று. 1769இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பல் நியூசிலாந்துக் கரைக்கு வருகிறது. வெள்ளைக்காரர்கள் விழிக்கிறார்கள். தஹீத்தியில் ஏறிய துபாயா என்ற பூசாரி தன் மொழியில் பேசுகிறார், கரையிலிருக்கும் மாவோரிக்குப் புரிகிறது. நடுவே 4,000 கிலோமீட்டர், சில நூறு ஆண்டுப் பிரிவு. அடுத்த ஆண்டே துபாயா பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) நோயில் இறந்துபோனார்.

சரி, கட்டுமரம். பெயர் நம்முடையது, படகு அவர்களுடையது. நம்முடையது மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. உங்கள் ஊரில் இருந்துகொண்டு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுடையது இரண்டு முழுப் படகுகளை இணைத்தது. ஆங்கிலேயர்கள் இந்தப் பெயரைக் கொண்டுபோய் அதற்கு ஒட்டிவிட்டார்கள். ஹவாயில் அதன் பெயர் ‘வஆ கவுலுவா’. அந்த ‘லுவா’ மேலே சொன்ன இரண்டுதான்.

மணி மட்டும் நிஜமாகவே நம்முடையது. வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் பார்த்தபோது மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்ததாம். ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். ஒரு சாண்கூட இல்லாத, விளிம்புடைந்த வெண்கலம். முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெயரை வைத்தே குமரிக்கண்டக் காலமில்லை என்று தெரிந்துவிடுகிறது, இல்லையா? இப்போது வெலிங்டனில் டெ பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ‘கப்பல்’ என்பதில் ஒற்றை விட்டுவிட்டு ‘கபல்’ என்று வார்த்திருக்கிறார்கள். படம் கிடைத்தால் எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.